திருமுழுக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) என்றதும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் முதலில் முடிவாவது மண்டபமும் பிரியாணியும்தான். குழந்தையின் விசுவாச வாழ்வுக்குத் துணைநிற்கும் ஞானப்பெற்றோர் யார் என்பதோ, எந்த உறவினருக்கு மரியாதை செய்யாவிட்டால் மனத்தாங்கல் வரும் என்ற கணக்கிலேயே தீர்ந்துவிடுகிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் கேட்பது வேறு: அவர் பொதுவாக 16 வயது நிறைந்தவராகவும், உறுதிபூசுதல், நற்கருணை ஆகிய அருட்சாதனங்களைப் பெற்று விசுவாசத்துக்கேற்ப வாழும் கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டும். பெற்ற தாயோ தகப்பனோ அப்பொறுப்பை ஏற்க முடியாது. கத்தோலிக்கரல்லாத, தென்னிந்தியத் திருச்சபையைச் (சி.எஸ்.ஐ.) சேர்ந்த நண்பர் நிற்க விரும்பினால், கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவருடன் சாட்சியாக நிற்கலாம்.

சடங்கின் உயிர் தண்ணீரிலும் சொல்லிலும் இருக்கிறது. லேஸ் வைத்த தொப்பியைக் கழற்றாமலே சிலர் குழந்தையை நீட்டுகிறார்கள். புகைப்படத்துக்கு அது அழகுதான், ஆனால் தண்ணீர் தலைத்தோலில் பட்டு வழிய வேண்டும். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் "நான்" திருமுழுக்கு அளிக்கிறேன் என்பதை, ஊரும் உறவும் சேர்ந்து அளிப்பதுபோல "நாங்கள்" என்று மாற்றினால் அது செல்லாது என 2020 ஆகஸ்ட் 6 அன்று வத்திக்கான் அறிவித்தது. அதன்பின் அமெரிக்காவின் டெட்ராய்ட் உயர்மறைமாவட்டத்தில் ஓர் இளம் குரு, தம் திருமுழுக்கு வீடியோவில் திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலைப் பணியாளர்) "நாங்கள்" என்று சொல்லியிருந்ததைக் கண்டார். திருமுழுக்கே செல்லாதபோது அதன்மேல் பெற்றவையும் செல்லாது என்பதால், திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருப்பட்டம் அனைத்தையும் அவர் புதிதாகப் பெற நேர்ந்தது.

முறையாகப் பெற்றதைத் திரும்பப் பெறுவதும் தவறுதான். பிறந்த குழந்தை உயிருக்குப் போராடும்போது மருத்துவமனைச் செவிலியர்கூட, திருச்சபையின் நோக்கத்தோடு, தண்ணீர் ஊற்றித் திருமுழுக்கு அளிக்கலாம். பிழைத்து வந்தபின் ஆலயத்தில் நடப்பது விடுபட்ட சடங்குகளே தவிர, இரண்டாவது திருமுழுக்கு அல்ல. நடந்ததா என்பதில் தீராத ஐயம் இருந்தால் மட்டும் "முன்பு பெறவில்லை என்றால்" என்ற நிபந்தனையுடன் அளிப்பார்கள்.

புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்பதும் தவறான எண்ணம். கிறிஸ்தவ உணர்வுக்கு முரணாக இல்லாதவரை அமுதனும் கயல்விழியும் தாராளமாக வைக்கலாம்.

விருந்தினரைக் கவனிக்கும் அவசரத்தில் பதிவேட்டைப் பார்க்காமல் போய்விடாதீர்கள். பின்னாளில் உறுதிபூசுதலும் திருமணமும் அதே பக்கத்தில் குறிக்கப்படும் என்பதால், பெயரின் எழுத்தையும் பிறந்த தேதியையும் பங்குத்தந்தை அலுவலகத்தில் அன்றே சரிபார்ப்பது நல்லது. ஆலயத்தில் திருமண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும் வாரத்தில் அதைத் திருத்த அலைவது பெரும்பாடு.