பாசிடிவ் என்று போட்டிருக்கே!

பெங்களூரு ஓசூர் ரோட்டில் கித்வாய் ஆஸ்பத்திரிப் பக்கம் டீ குடிக்க நின்றால் கிருஷ்ணகிரித் தமிழும் அல்சூர்த் தமிழும் காதில் விழும். அங்கே ஒருநாள் ஒரு பெரியவர், நான் லேப்காரன் என்று தெரிந்ததும், மகனின் ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களில் என்னென்ன புரதம் இருக்கிறது என்று பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டை நீட்டினார். ‘சிடி 4 பாசிடிவ்’ என்ற வரியில் விரலை வைத்து, குரலைத் தாழ்த்தி, “தம்பி, இது எய்ட்ஸா?” என்றார்.

இல்லை. எச்ஐவி உள்ளவர்களுக்கு எண்ணிப் பார்ப்பதும் சிடி 4 செல்களைத்தான். ஆனால் சிடி 4 என்பது செல்லின் மேலுள்ள ஒரு புரதம். எல்லோருக்கும் டி செல்களில் ஒரு பகுதியிலும் மோனோசைட்டிலும், அதாவது சில வெள்ளணுக்களில், அது உண்டு. சிடி எண்கள், இப்படிப்பட்ட புரதங்களுக்குப் பெயர் வைக்க 1982ல் பாரிஸில் கூடிய ஆய்வாளர்கள் தொடங்கிவைத்த வரிசை. எண் பெரிதானால் நோய் பெரிது என்பதெல்லாம் கிடையாது. பாசிடிவ் என்றால் அந்தப் புரதம் இருக்கிறது, அவ்வளவே.

ஒற்றை மார்க்கரை, அதாவது இப்படி ஒரே ஒரு புரதத்தை, வைத்து முடிவு கட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. சிடி 10ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு மஜ்ஜையில் பி செல் என்ற வெள்ளணு குட்டியாக இருக்கும்போது அது இருக்கும், முதிர முதிர மறையும். நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வெள்ளணுவில் நேர் எதிர்: கடைசியில்தான் தலைகாட்டும். அக்யூட் லுகேமியா என்ற வேகமான ரத்தப் புற்றுநோயில் செல்லின் வளர்ச்சி நடுவழியில் நின்றுவிடுகிறது. எந்த வழியில், எந்த இடத்தில் நின்றது என்பதை சிடி 34, 19, 33, எம்பிஓ (செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதி) என்று பலதையும் சேர்த்து வைத்துத்தான் சொல்ல முடியும்.

கீமோவுக்குப் பின் மஜ்ஜை தேறும்போது, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, ஹெமட்டோகோன் என்ற நல்ல பி குட்டிச் செல்கள் சிடி 10, 19 இரண்டோடும் கும்பலாக வரும். நோய் திரும்பிவிட்டதாக வீட்டில் அழுகை தொடங்கிவிடும். ஸ்கிரீனில் பார்த்தால், நல்ல செல்கள் வால்போல வளைந்து படிப்படியாக நகரும். லுகேமியா செல்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் கொத்தாக நிற்கும்.

சரி, சிடி 34 நெகடிவ் என்றால் நிம்மதியா? அதுவும் தப்பு. ஏபிஎல் என்ற அக்யூட் லுகேமியா வகையில் செல்கள் ப்ரோமைலோசைட் நிலையில், அதாவது நியூட்ரோஃபில் ஆகும் வழியில் பாதியில், நிற்கும். பெரும்பாலும் சிடி 34ம் எச்எல்ஏ-டிஆர் என்ற இன்னொரு மார்க்கரும் இருக்காது. ரத்தக்கசிவு உயிரையே வாங்கும் என்பதால், சந்தேகம் வந்ததுமே, மரபணு ரிசல்ட்டுக்குக் காத்திராமல் இந்த வகைக்கான ஏடிஆர்ஏ மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள்.

அப்புறம், சாம்பிள். ஃப்ளோவுக்கு உயிருள்ள செல் வேண்டும். ஊதா மூடி ட்யூபில் சீக்கிரம் வந்து சேர வேண்டும், ஃபார்மலின் படவே கூடாது. ஒருமுறை, கெடாமல் இருக்கட்டும் என்று யாரோ ஃப்ரீஸரில் வைத்து உறையவிட்ட ட்யூப் பஸ்ஸில் வந்தது. செல்லெல்லாம் உடைந்து வெறும் சிவப்புத் தண்ணீர். அந்த ட்யூபுக்குரிய பையனுக்கு, மஜ்ஜை எடுக்க மறுபடியும் இடுப்பில் ஊசி.