விடுபட்ட யகரம்: திருவைந்தெழுத்தை ஓதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய ஒரு மாசி மாதத்தில், யாரோ சொன்னதைக் கேட்டு, நமசிவாய என்னும் ஐந்தெழுத்து மந்திரத்தை 1008 முறை நோட்டுப் புத்தகத்தில் எழுதி முடித்து, அதைப் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பாட்டி அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு நோட்டை வாங்கியவர், முதல் பக்கத்தை விட்டுவிட்டு நடுப்பக்கங்களை மெல்லப் புரட்டினார். சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், கடைசி எழுத்தான யகரத்தை விட்டுவிட்டு, அங்கே வரி வரியாக நமசிவா நமசிவா என்றே எழுதித் தள்ளியிருந்தேன். “மக்களே, கைக்குச் சோலி குடுத்தாச்சு. மனசுக்கு என்ன சோலி குடுத்தே?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டார். விடுபட்ட அந்த ஓர் எழுத்து எதைக் குறிக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு சைவ சித்தாந்த வகுப்பில் கேட்டபோதுதான் அந்தக் கேள்வியின் கனம் எனக்கு உறைத்தது.

வடமொழி இலக்கணப்படி நம என்பது வணக்கத்தையும், சிவாய என்பது நான்காம் வேற்றுமை ஏற்றுச் ‘சிவனுக்கு’ என்பதையும் குறிக்கும். கிருஷ்ண யசுர் வேதத்தின் தைத்திரீய சங்கிதையில், நான்காம் காண்டத்தில் அமைந்த, உருத்திரனைப் போற்றும் துதியான திருவுருத்திரத்தின் நடுவே இத்தொடர் வருகிறது. தேவாரத்திலும் திருவாசகத்திலும் இது நமச்சிவாய என ஒற்று மிகுந்து ஒலிக்கும். அந்த ஒற்றை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, முன்னால் கூட்டிச் சொல்லும் ஓங்காரத்தையும் இந்த ஐந்தில் சேர்ப்பதில்லை.

‘சிவனுக்கு வணக்கம்’ என்ற சொற்பொருளோடு நின்றுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. நம்முடைய சித்தாந்த ஆசிரியர்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொருளை வைத்தார்கள். நகரம் திரோதம், அதாவது, உயிர் பக்குவப்படும்வரை உலகத்தை முன்னே காட்டித் தன்னை மறைத்துக்கொண்டு நிற்கும் இறைவனுடைய மறைப்பாற்றல். மகரம் ஆணவம் முதலான மலம், அதாவது உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கு. சிகரம் சிவம். வகரம் திருவருள். யகரம் உயிர், அதாவது இதை ஓதிக்கொண்டிருக்கும் நாமே. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் தமது திருவருட்பயனில் ஓர் அதிகாரம் முழுவதையும் இந்த ஐந்தெழுத்துக்கே ஒதுக்கியிருக்கிறார். எழுத்துகளைச் சிவாயநம என்று மாற்றி நிறுத்திப் பார்த்தால், யகரம் நட்டநடுவில் வந்து நிற்கும். அதற்கு ஒருபுறம் சிவமும் அருளும், மறுபுறம் மறைப்பும் மலமும். ‘ஊன நடனம் ஒருபால் ஒருபாலா, ஞானநடம் தான்நடுவே நாடு’ என்று அவர் சொல்வது இந்த நிற்பைத்தான். இருபுறமும் இரண்டு கூத்து நடக்கின்றன, நீ இடையில் நிற்கிறாய், எந்தப் பக்கம் முகம் திருப்புகிறாய் என்று பார் என்பதே அதன் கருத்து. நான் அன்று நோட்டில் விட்டுவிட்டு எழுதியது என்னையே என்று இப்போது தெரிகிறது.

ஐந்தெழுத்துக்கும் ஐம்பூதங்களை வரிசையாகப் பொருத்தி, நகரம் நிலம், மகரம் நீர் என்று சொல்லும் பட்டியல் இப்போது கைப்பேசிகளில் அதிகம் சுற்றிவருகிறது. அதுவும் மரபில் உள்ள ஒரு பொருத்தமே. தவறென்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு மந்திரம் எங்கோ மண்ணையும் காற்றையும் பற்றியதாகிவிடுகிறது. அண்டை வீட்டுக்காரரிடம் நான் எப்படிப் பேசுகிறேன் என்பதைப் பற்றியதாக இல்லாமல் போகிறது. அன்றாட வாழ்க்கைக்கு உதவும் பொருள் உமாபதி சிவம் காட்டிய இடத்தில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். நம் குமரி மாவட்டத்துக் கிராமங்களில் வேலியையும் எல்லைக்கல்லையும் முன்னிட்டு உடன்பிறந்தவர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் எத்தனையோ உண்டு. அப்படி ஒரு தகராறில், மறுபக்கத்தார் சொன்ன ஒரு சொல்லுக்குப் பதிலாக அதைவிடக் கூரான ஒரு சொல் நம் நாக்கின் நுனிவரை வந்து நிற்கும் நொடி ஒன்று இருக்கிறதே, அந்த நொடியில் யகரம் நடுவில்தான் நிற்கிறது. ஒருபுறம் ‘என் மண், என் மானம்’ என்னும் இழுப்பு. மறுபுறம் அந்த மண்ணையும் நம்மையும் ஒருசேரத் தாங்கி நிற்கும் அருள். நம என்பதைப் பெரியவர்கள் ‘ந மம’, அதாவது எனதன்று என்றும் பிரித்துச் சொல்வதுண்டு. இலக்கணம் அதற்கு இடம் தருகிறதோ இல்லையோ, தகராறு முற்றிய வேளையில் அந்தப் பிரிப்பு கைகொடுக்கும். விளக்கேற்றும்போது நூறு முறை சொல்லிவிட்டு, இந்த ஒரு நொடியில் மட்டும் சொல்லாமல் விடுவதை நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். எல்லைக்கல்லை விட்டுக்கொடு என்று மந்திரம் சொல்லவில்லை. அளந்து பார்க்கலாம், வழக்கும் தொடுக்கலாம். அந்தக் கூரான சொல்லைச் சொல்லாமல் இருக்கலாம்.

எண்ணிக்கையைப் பற்றியும் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. 108 என்றும் 1008 என்றும் கணக்கு வைப்பது மனம் அலையாமல் இருப்பதற்கான ஓர் உதவி. உருத்திராக்க மாலை அதற்காகவே கையில் இருக்கிறது. அந்தக் கணக்கு, இத்தனை முறை சொன்னால் இத்தனை நாளில் இந்தக் காரியம் முடியும் என்ற பேரமாக மாறும்போது கெட்டுவிடுகிறது. என் பெரியப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்தவர். விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கி, மரம் மரமாகப் போய்ப் பட்டையில் சாய்வாக ஒரு கீற்றுச் சீவி, பால் இறங்குகிறதா என்று பார்த்துச் சிரட்டையைத் திருத்தி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்வார். கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, மறுபடி வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஒவ்வொரு மரத்துக்கும் சிவாயநம என்று ஒரு முறை சொல்வது அவருடைய வழக்கம். “முந்நூறு மரம்னா முந்நூறு நாமம் ஆச்சே பெரியப்பா” என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னபோது, “நான் மரத்தத்தான் எண்ணுவேன் மக்களே, நாமத்த எண்ணதில்ல” என்றார். கத்தி பட்டையில் இறங்கும் இடத்தில் மனமும் இருந்தது. மந்திரம் அங்கே வேலையோடு வேலையாக ஓடிக்கொண்டிருந்தது. பூசையறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே மந்திரம் உரியது என்று நினைப்பவர்களுக்கு நான் அவரைத்தான் காட்டுவேன்.

கடைகளிலும் வீடுகளிலும் நாள் முழுவதும் மந்திரம் ஒலித்துக்கொண்டிருக்கும் சிறு பெட்டிகளைப் பற்றி ஒரு வரி: கேட்பது நல்லதே, ஆனால் பெட்டி ஓதியது பெட்டியின் கணக்கில்தான் சேரும்.

நோய்க்கு மருந்தாக மந்திரத்தை நினைத்து, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் எடுத்துவந்த மாத்திரைகளை நிறுத்திவிடுவோரைக் கண்டால் மனம் பதறுகிறது. அப்பர் சுவாமிகளைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தபோது அவர் பாடிய பதிகத்தை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அந்தப் பாட்டை நிதானமாகப் படித்துப் பார்க்கட்டும். ‘நற்றுணை யாவது நமச்சி வாயவே’ என்றுதான் அவர் பாடினார். துணை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது. கூடவே இருப்பது துணை. மருத்துவரிடம் போகும் வழியிலும், ஊசி போடும் வேளையிலும், அறுவைச் சிகிச்சை அறைக்குள் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகும்போதும் அந்தத் துணை கூடவே வரும். அதை நம்பித் துணிவோடு சிகிச்சை எடுத்துக்கொள்வதே பக்தி.

அடுத்தது, இதைச் சொல்ல யாருக்குத் தகுதி உண்டு என்ற கேள்வி. முறைப்படி செபம் செய்யவும் பூசை செய்யவும் குருவிடம் தீட்சை பெறுவது சைவ மரபு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்போடு இறைவன் திருநாமமாகச் சொல்வதற்கு வாசலில் ஆளை நிறுத்திக் கேள்வி கேட்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. திருஞானசம்பந்தர், ‘கொல்வா ரேனும் குணம்பல நன்மைகள் இல்லா ரேனும்’ இதைச் சொன்னால் தீங்கு நீங்குவர் என்றே பாடியிருக்கிறார். கொலை செய்யலாம் என்று அதற்குப் பொருளல்ல. விழுந்து கிடப்பவனுக்கும் எழுந்து வர ஒரு கைப்பிடி வேண்டும் என்பதே பொருள். நம் மாவட்டத்தவர் இதை நன்கு சிந்திக்க வேண்டும். சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்கே 1926-இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்ட பிறகே நம்மில் பலருடைய தாத்தாக்களும் பாட்டிகளும் கோயிலுக்குள் காலெடுத்து வைத்தார்கள். அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சாமிதோப்பில் அய்யா வைகுண்டரைச் சூழ்ந்து நின்றவர்கள் தலைப்பாகையோடு நிமிர்ந்து நின்று சிவ சிவா அரகரா என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே விடப்படாதவர்களுடைய நாவிலும் அந்தப் பெயர் இருந்தது. யாராலும் அதைத் தடுக்க முடியவில்லை.

வீட்டுக்கு விலக்கான நாள்களில் பெண்கள் மனத்துக்குள்கூட ஓதக்கூடாது என்று சொல்வோரும் இன்னும் இருக்கிறார்கள். சம்பந்தர் பஞ்சாக்கரப் பதிகத்தைத் தொடங்கும்போதே, உறங்கும்போதும் உறங்காதபோதும் நாள்தொறும் நினைமின் என்கிறார். நாள்தொறும் என்ற சொல் எந்த நாளையும் விட்டுவைக்கவில்லை.

இனி, சிவாலய ஓட்டத்துக்கு வருகிறேன். மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் மாலையில் முஞ்சிறை திருமலையில் புறப்பட்டு, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று தொடர்ந்து, விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில் உள்ள பன்னிரண்டு சிவாலயங்களையும் தரிசித்துத் திருநட்டாலத்தில் நிறைவு செய்வது நம் மண்ணுக்கே உரிய வழிபாடு. காவி உடையும் கையில் பனையோலை விசிறியும் இடுப்பில் திருநீற்றுப் பையுமாக ஓடும் அடியார்கள், சிவன் கோயிலை நோக்கி ஓடும்போது எழுப்பும் முழக்கம் ‘கோவிந்தா, கோபாலா’. வெளியூரிலிருந்து முதன்முறை வருகிறவர்கள் இதைக் கேட்டுத் திகைப்பார்கள். சிவநாமத்தைத் தவிர வேறொன்றையும் காதில் வாங்காத, பாதி மனிதனும் பாதி விலங்குமான புருஷாமிருகத்துக்கு முன்னால் பீமன் அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே ஓடிய கதையை இங்குள்ள குழந்தைகளும் சொல்லும். அது கோபத்தோடு துரத்திக்கொண்டே வந்தது. ஓட்டம் முடிந்த திருநட்டாலத்தில் சிவனும் திருமாலும் சங்கரநாராயணராக ஓருருவில் நிற்பதைக் கண்டது. ஐந்தெழுத்தை ஓதுகிறோம் என்பதாலேயே திருமாலின் எட்டெழுத்து மந்திரத்தை ஓதுகிறவரைத் தாழ்வாகப் பேசுவதும், தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போகிற பக்கத்து வீட்டாரை இகழ்வதும் மகரத்தின் வேலை. ஓதுகிறவனிடத்தில் அன்பு கூடாமல் பகை கூடுமானால், அவன் எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறான் என்பதை அவனேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உச்சரிப்பைப் பொறுத்தவரை வாகாரத்தின் நெடிலைக் குறுக்காமலும், அவசரத்தில் நமச்வாய என்று சிகரத்தை விழுங்காமலும் சொன்னால் போதும். நாக்கு சரியாகப் புரளவில்லையே என்று அஞ்சி ஓதாமல் இருந்துவிடுவதுதான் பெரிய இழப்பு.

பொருள் தெரியாமல் ஓதுவதில் பயனில்லை என்று இந்தக் கட்டுரையைக் கொண்டு யாரும் முடிவு கட்டிவிடலாகாது. மாணிக்கவாசகர் சிவபுராணத்தை முடிக்கும்போது பொருளுணர்ந்து சொல்லுவாரைத்தான் உயர்த்திச் சொல்கிறார், அது உண்மை. ஆனால் சுந்தரரோ கொடுமுடியில், ‘உனை நான் மறக்கினும் சொல்லும்நா நமச்சி வாயவே’ என்று பாடினார். மனம் மறந்தாலும் நாக்கு மறவாமல் இருக்கட்டும் என்கிறார் அவர். பழக்கத்தால் ஓதுகிறவர்களைப் பார்த்து, ‘வாய் மட்டும்தான் சொல்லுகிறது’ என்று இகழ்வதும் ஒரு தவறு. அதை என் பாட்டியிடமிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.

கைக்குக் கொடுத்த வேலை போதாது, மனத்துக்கு என்ன வேலை கொடுத்தாய் என்று கேட்ட அதே பாட்டிக்குக் கடைசி இரண்டு ஆண்டுகளில் நினைவு தப்பிவிட்டது. என் பெயர் அவருக்குத் தெரியவில்லை. அப்பாவைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டு பேசினார். சாப்பிட்டதையும் மறந்து மறுபடியும் கஞ்சி கேட்டார். மாலையில் திண்ணையில் விளக்கைக் கொண்டு வைத்தால் மட்டும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவருடைய உதடுகள் அசையத் தொடங்கிவிடும். குனிந்து கேட்டால் சிவாயநம என்று ஐந்து எழுத்தும் குறையாமல், யகரமும் விடுபடாமல் ஒலிக்கும். இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு, பொருள் விளங்காத மூன்று வயதிலேயே, விளக்கு வைக்கும் வேளையில் இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். திரோதமும் மலமும் என்னவென்று அவர்கள் பத்தாம் வகுப்புக்குப் போகும்போது கேட்டால் போதும்.