பால் கணக்குக் காலண்டரில் தும்மல் கணக்கு

நீடாமங்கலம் பக்கம், வயலை ஒட்டி எங்கள் வீடு. சம்பா கதிர் விடும் நாட்களில் மகளுக்குத் தும்மல் தொடங்கிவிடும். விடிந்ததும் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, தண்ணீராக ஒழுகும் மூக்கு. வாசல் பவழமல்லிதான் காரணம் என்று அதை வெட்டிவிட்டோம். தும்மல் நிற்கவில்லை. அந்த மரத்தை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

மணக்கிற பூக்கள் பெரும்பாலும் பூச்சிகளை நம்பியவை; அவற்றின் மகரந்தம் பிசுபிசுப்பானது, அதிக தூரம் பறக்காது. காற்றில் வருவது வரப்புப் புல், சவுக்கு மாதிரியானவற்றின் மகரந்தம். நெல்லும் புல் இனம்தான். காலை பத்து மணிக்குக் கறுப்புக் குடையை விரித்துப் பூத்த கதிர் ஒன்றை அதன்மேல் தட்டிப் பாருங்கள். மாவு மாதிரி மஞ்சள் தூள் படியும்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிய, பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரே போதும். தினமும் ராத்திரி மூக்கு, கண், தும்மல் மூன்றுக்கும் 0 (தொந்தரவே இல்லை) முதல் 3 (ரொம்பத் தொந்தரவு) வரை மார்க் போடுங்கள். பக்கத்திலேயே காற்று, மழை, வயலில் என்ன பூத்திருக்கிறது, பிள்ளை எங்கே போனாள் என்பதையும் எழுதுங்கள். மாத்திரை போட்ட நாளை வட்டமிடுங்கள். அன்றைய குறைந்த மார்க்கை நம்ப முடியாது.

எங்கள் தாளில் விடாமல் மழை பெய்த நாட்களில் மார்க் இறங்கியது. வெயிலும் காற்றுமாக இருந்தால் ஏறியது. ஆனால் பூ குறைந்த பிறகும் சில நாள் இறங்கவே இல்லை. மகரந்தம் பட்டுப் பட்டு மூக்கின் உள்பக்கம் புண்பட்டிருப்பதால், பிறகு கொஞ்சம் பட்டாலே தும்மல் வந்துவிடும். அதனால் ஒரு நாளை மட்டும் பார்க்காமல் முந்தைய வாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அறுவடை மெஷின் ஓடும் நாளைத் தனியாகக் குறியுங்கள், அது உமித்தூசியும் பூஞ்சையும். வருஷம் முழுக்க மார்க் ஒரே மாதிரி இருந்தால் மெத்தை, தலையணைத் தூசியைச் சந்தேகப்படுங்கள்.

பூக்கும் நாட்களில் மத்தியானம் வரை வயல் பக்க ஜன்னலைச் சாத்துங்கள், துணியை உள்ளே காயப்போடுங்கள். இடிமழை வரும்போது பிள்ளையை வெளியே விடாதீர்கள். ஈரத்தில் மகரந்தம் வெடித்து, நுரையீரல் வரை போகும் பொடியாகிவிடும். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இப்படித்தான் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நெஞ்சில் விசில் சத்தமோ இளைப்போ வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், அந்தக் காலண்டர் தாளையும் டாக்டரிடம் காட்டுங்கள். அலர்ஜிக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே முழுசாக வேலை செய்யச் சில நாள் ஆகும். எப்போது தொடங்கலாம் என்று கதிர் வருவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.