'யூ' இல்லாத 'கியூ'

எழுத்து வில்லைகளை அடுக்கி ஆங்கிலச் சொற்களை அமைக்கும் ஸ்கிராபிளில் நான் தோற்ற ஆட்டங்கள் பலவற்றுக்குக் காரணம், 10 மதிப்பெண் கொண்ட ஒற்றைக் 'கியூ' வில்லையை வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் பெரும்பாலும் அதை அடுத்தே வரும், மொத்தமே 4 உள்ள 'யூ'க்களில் ஒன்று வரட்டும் எனக் காத்திருந்ததுதான். எதிராளி தம் வில்லைகளை முந்தி முடித்தால், என் கையில் தங்கிய 'கியூ'வுக்காக எனக்கு 10 குறையும். அவருக்கு 10 கூடும்.

பிறகு ஆட்டத்துக்குரிய சொற்கோப்பைக் கணினியில் இறக்கி, கிரெப் என்னும் தேடல் கட்டளையால் 'கியூ' உள்ள வரிகளைத் தேடியபோது பக்கம் பக்கமாக வந்து குவிந்தன. அவற்றிலிருந்து 'யூ' உள்ளவற்றை மறு கட்டளையால் நீக்கியதும் பட்டியல் படிக்கும் அளவுக்குச் சுருங்கியது. ஃபகீர், நிகாப், காதி (இஸ்லாமிய நீதிபதி) எனப் பலவும் அரபுவழிச் சொற்கள் (நமக்குப் பழகியவைதாம்!). ஆனால் என்னை மீட்டது, 'கியூ', 'ஐ' என்னும் இரண்டே எழுத்தாலான சீனவழிச் சொல். எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில் 'கியூ'வை வைத்து, அச்சொல்லையே குறுக்கும் நெடுக்குமாக அமைத்து, ஒரே முறையில் 62 எடுத்தேன்.