ஃபீல்டு வெல்டில் அடித்த அலுமினியக் கோட்டிங் ஒட்டியிருக்கிறதா? இழுத்துப் பாருங்கள்

பைப்புக்கு ஷாப்பிலேயே (தொழிற்சாலையிலேயே) உருக்கிய அலுமினியம் ஸ்ப்ரே ஆகி வந்துவிடும், ஜாயின்ட்டை மட்டும் சைட்டில் வெல்டு வைத்து, பிளாஸ்ட் அடித்து (கிரிட் என்ற கூரான துகள்களைக் காற்றில் வீசிச் சொரசொரப்பாக்கி), அங்கேயே ஸ்ப்ரே செய்வோம். உரிவது பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான். அலுமினியம் எஃகோடு உருகிச் சேர்வதில்லை, கிரிட் கிழித்த பள்ளங்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். வயர் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்த வெல்டில் மாட்டிக்கொள்ள என்ன இருக்கிறது?

டெஸ்ட் என்பது டாலி என்ற சின்ன உலோகக் கட்டையைக் கோட்டிங்கில் ஒட்டி, கழலும் வரை டெஸ்டர் கருவியால் இழுத்துப் பார்ப்பது. அதை சீலர் (கோட்டிங்கின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) அடிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வெல்டு மேட்டின் மேல் டாலியை ஒட்டாதீர்கள், தட்டையாக உட்காராமல் ஒரு ஓரமாகப் பிடுங்கிக்கொண்டு வரும், ரீடிங் குறையும். வெல்டை ஒட்டி, சைட்டில் பிளாஸ்ட் அடித்த அதே பட்டைக்குள், சமமான இடமாகப் பாருங்கள். சின்ன பைப்பில் அப்படி இடமே கிடைக்காது. அதே ஆள், அதே கன், அதே நேரத்தில் ஒரு தகட்டிலும் அடித்து வைத்துக்கொண்டால் அதில் பார்க்கலாம்.

பசை விஷயத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். இந்தக் கோட்டிங்கில் நுண்துளைகள் உண்டு, தண்ணியான எபாக்ஸி உள்ளே இறங்கிக் கோட்டிங்கையே பிடித்துக்கொள்ளும், ரீடிங் பொய்யாக ஏறும். கெட்டியான, இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸி வாங்குங்கள். டாலி அடிப்பக்கத்தை எமரியால் தேய்த்து, துடைத்து, ஒட்டி, வெளியே பிதுங்கியதை வழித்துவிட்டு ஒரு நாள் தொடாமல் விடுங்கள். குளிர் என்றால் இன்னும் கூடுதலாக.

அப்புறம் டெஸ்டரை நேராக மாட்டி, வெட்டி இழுக்காமல் ஒரே சீராக அழுத்தம் ஏற்றுங்கள். அலுமினியத்துக்கு வழக்கமாகக் கேட்பது சுமார் 7 மெகாபாஸ்கல், துத்தநாகத்துக்கு அதில் பாதி. உங்கள் வேலைக்கான ஸ்பெக்கில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. 20 மில்லிமீட்டர் டாலியில் 7 என்றால் கிட்டத்தட்ட 220 கிலோ இழுவை.

எண்ணை எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், கழன்ற டாலியைத் திருப்பிப் பாருங்கள். முழுக்கச் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்து, பைப்பிலும் அலுமினியம் மிச்சமிருந்தால் கோட்டிங் தனக்குள்ளேயே பிளந்திருக்கிறது. பைப்பில் வெறும் எஃகு தெரிந்தால் பிடிப்பே இல்லை, அதிலும் துரு, ஸ்கேல் (எஃகின் மேல் படியும் ஆக்சைடு) புள்ளிகள் தெரிந்தால் பிளாஸ்டிங்கைத்தான் கேள்வி கேட்க வேண்டும். வெறும் பசை மட்டும் கழன்றிருந்தால்? ஒருமுறை 5-இல் அப்படிக் கழன்றதும் கோட்டிங் ஃபெயில் என்று பெரிய சண்டையே நடந்தது. அது ஃபெயிலும் இல்லை, பாஸும் இல்லை, வேறு டாலி ஒட்டித் திரும்ப இழுக்க வேண்டியதுதான். அதே பசை 7-ஐத் தாண்டிக் கழன்றிருந்தால், சரி, பாஸ்.

இழுத்த இடத்தில் பெயின்ட் தடவி மூடிவிடாதீர்கள், திரும்ப பிளாஸ்ட் அடித்து ஸ்ப்ரே செய்யுங்கள்.