காரணம் பிடிபடாத நொண்டல்: மட்டக்குதிரை வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

நேற்று வரை பிள்ளைகளைச் சுமந்து திரிந்த மட்டக்குதிரை இன்று காலை லாயத்தை விட்டு நொண்டிக்கொண்டே வருகிறது. காயமும் இல்லை, வீக்கமும் இல்லை. சுளுக்கு என்பார் ஒருவர், வாதம் என்பார் இன்னொருவர், கண்பட்டுவிட்டது என்பார் பாட்டி. பதற்றத்தில் எண்ணெய் தடவி, மாத்திரை கொடுத்து, நடத்திப் பார்த்து முடிக்கும்போது, டாக்டர் கண்டுபிடிக்கப் பயன்பட்டிருக்கும் அடையாளங்கள் பாதி அழிந்துவிடுகின்றன. காரணம் தெரியாத நொண்டல் பலவும் இப்படித்தான் உருவாகிறது.

முதல் தவறு, தோளில் தொடங்குவது. வீக்கம் எதுவும் இல்லையென்றால் ‘தோள்பட்டை பிசகிவிட்டது’ என்று நீவ ஆரம்பித்துவிடுவார்கள். முன்னங்கால் நொண்டலுக்கான காரணம் பெரும்பாலும் குளம்புக்குள்தான் இருக்கும். அங்கே வீங்க இடமில்லை. கெட்டியான ஓட்டுக்குள் சிறிது சீழ் சேர்ந்தாலே போதும், காலைத் தரையில் ஊன்ற முடியாத அளவுக்கு வலிக்கும். ஆகவே முதல் வேலை குளம்பைச் சுரண்டிக் கழுவுவது. லாடத்துக்கும் உள்ளங்குளம்புக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா, ஆணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். புறங்கையை வைத்து நான்கு குளம்புகளின் சூட்டையும் ஒப்பிடுங்கள். பிறகு கணு மூட்டின் பின்பக்க ஓரத்தில், உள்ளும் புறமும், இரண்டு விரலால் லேசாகத் தொட்டு நாடி பாருங்கள். நல்ல காலில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விரலைத் தட்டுகிற மாதிரி துடித்தால் அந்தக் குளம்புக்குள் ஏதோ நடக்கிறது.

எந்தக் கால் என்பதிலேயே ஏமாறுகிறவர்கள் உண்டு. தலை தாழும்போது ஊன்றும் காலையே நோவுள்ள கால் என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. முன்னங்காலில் வலி என்றால், அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். பின்னங்கால் நொண்டலுக்கு இடுப்பைப் பார்க்க வேண்டும், வலியுள்ள பக்கம் அதிகமாக ஏறி இறங்கும். சமமான கெட்டித் தரையில் நடையிலும் டிராட் என்னும் மெல்லோட்டத்திலும் முன்னால், பின்னால், பக்கவாட்டில் நின்று போனில் படம் எடுத்துவையுங்கள். கயிற்றைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும். இறுக்கினால் தலை ஆடாது, நொண்டல் மறைந்துவிடும். நிற்கவே சிரமப்படுகிற குதிரையிடம் இந்தச் சோதனையே வேண்டாம்.

உள்ளங்குளம்பில் ஆணி குத்தியிருந்தால் கை தானாகப் பிடுங்கப் போகும். பிடுங்கினால் துளை மூடிக்கொள்ளும். ஆணி எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வில் போனது, மூட்டைத் தொட்டதா என்பது பிறகு தெரியாது. டாக்டர் சீக்கிரம் வர முடியுமென்றால் ஆணியின் இருபுறமும் மரக்கட்டை வைத்துக் கட்டி, மேலும் ஏறாமல் பார்த்துக்கொள்வதே சரி. அது முடியாமல் எடுத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் படமெடுத்து, இடத்தை மார்க்கரால் வட்டமிட்டு, ஆணியையும் பத்திரப்படுத்துங்கள். குதிரைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) மிக எளிதில் வரும். கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டது என்று கேட்காத டாக்டரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

லாடம் அடித்த சில நாட்களுக்குள் நொண்டினால் முதல் சந்தேகம் ஆணி மேல்தான். ஆணி உயிர்த்தசையை நெருக்கினால் உடனேயோ ஓரிரு நாளிலோ தெரியும். அதன் வழியே சீழ் பிடிக்க ஒரு வாரம்கூட ஆகலாம். லாடக்காரரைத் திட்டுவதை விட, அவரையே கூப்பிட்டு ஒவ்வொரு ஆணியாகக் கழற்றச் சொல்வது மேல். எந்த ஆணியில் குதிரை காலை இழுத்துக்கொள்கிறது, எது ஈரமாக வருகிறது என்று பார்க்கலாம். மழைக்காலத்தில் லாடமே இல்லாத குளம்பிலும் சீழ் பிடிக்கும். ஊறி மெத்தென்றான உள்ளங்குளம்பில் மணலும் சரளையும் சுலபமாக ஏறும்.

சீழ்க்கட்டு என்று உறுதியானபின் பெரிய குழி தோண்டுவதுதான் வழக்கமான பிழை. கறுத்த தடத்தைப் பின்தொடர்ந்து, சீழ் வடிய ஒரு சிறு துளை போதும். எலுமிச்சை அளவு வெட்டினால் உள்ளிருக்கும் தசை பிதுங்கி வந்து, ஆற மாதக்கணக்காகும். துளைக்குப் பிறகு, ஐந்து லிட்டர் பொறுக்கும் சூட்டு நீரில் இரண்டு டம்ளர் எப்சம் உப்பு கரைத்து, 20 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை குளம்பை ஊறவைக்கலாம். துடைத்து, பொவிடோன் அயோடின் நனைத்த பஞ்சு வைத்து, மேலே குழந்தை டயப்பரைச் சுற்றி, அகல டேப்பால் ஒட்டுங்கள். டேப் தோல் மீது இறுக்கமாக ஏறக் கூடாது, குளம்போடு நிற்கட்டும். சில நேரம் சீழ் கீழே வழி கிடைக்காமல் குளம்பும் முடியும் சேரும் விளிம்பில் உடைத்து வெளியேறும். அதுவரை நொண்டிய குதிரை மறுநாளே நன்றாக நடக்கும்.

இரண்டு முன்னங்கால்களையும் முன்னே நீட்டி, குதிகாலில் சாய்ந்து, திரும்பவே தயங்கி நிற்கிறதா? அது வேறு கதை. குளம்பின் ஓட்டையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் இழைகள் அழற்சியாகும் லாமினைடிஸ். கொழுத்த மட்டக்குதிரைகளுக்கு, அதிலும் பிடரி தடித்துப்போனவற்றுக்கு, இது அடிக்கடி வரும். கொள்ளும் தவிடும் தாராளமாகப் போடுவது, வருவோர் போவோர் வெல்லமும் பொங்கலும் ஊட்டுவது எல்லாம் இதற்கு வாசல். ‘நடந்தால் ரத்தம் ஓடும், சரியாகும்’ என்று நடத்தினால் அந்த இழைகள் கிழிந்து எலும்பு சுழன்று கீழிறங்கும். நடத்தாதீர்கள். முதல் இரண்டு நாள் முட்டிக்குக் கீழே வரை இடைவிடாமல் ஐஸ் நீரில் வைப்பதும், அரை அடி தடிமனுக்கு மணலோ மரத்தூளோ பரப்புவதும் உதவும். தானியமும் இனிப்பும் உடனே நிறுத்த வேண்டும். ஆனால் பட்டினி போடக் கூடாது, பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கொழுத்த மட்டக்குதிரை பட்டினி கிடந்தால் உடற்கொழுப்பு கரைந்து ரத்தத்தில் பெருகி, கல்லீரல் பழுதாகி உயிரே போகலாம். 200 கிலோ குதிரைக்கு நாளுக்குச் சுமார் 3 கிலோ காய்ந்த புல்லை எடைபோட்டு, ஊறவைத்துப் பிழிந்து, பல வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

வலி மாத்திரை பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வேண்டாம். அது கொடுத்த மாடுகளின் பிணத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததால் 2006 முதல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அது தடை. குதிரைக்கென்றே உள்ள ஃபினைல்பியூட்டசோனிலும் மட்டக்குதிரைக்குக் குறைந்த அளவிலேயே வயிற்றுப்புண்ணும் பெருங்குடல் புண்ணும் வரும். உடல் எடை தெரியாமல் குத்துமதிப்பாகவோ, இரண்டு வலி மருந்துகளைச் சேர்த்தோ கொடுப்பது ஆபத்து. இன்னொரு நஷ்டமும் உண்டு: மாத்திரை வேலை செய்யும்போது டாக்டர் பார்த்தால் நொண்டலே தெரியாது. என்ன, எப்போது கொடுத்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள். காலில் சூடு போடுவது இன்னமும் நடக்கிறது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அதனால் ஆறுவதில்லை, புண்தான் மிச்சம்.

எல்லாத் தடுமாற்றமும் கால் நோவு அல்ல. பின்பக்கம் ஆடி, குளம்பை இழுத்து நடந்து, காய்ச்சலும் சோகையும் சேர்ந்தால் சர்ரா என்னும் ரத்த ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். ஈ கடியை நினைவில் வைத்து ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தெருநாய் நடமாடும் ஊரில் திடீர் நொண்டலும் குணமாற்றமும் வந்தால் வெறிநோயையும் நினைக்க வேண்டும். அப்போது வாய்க்குள் கைவிடாதீர்கள், பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் ‘ஒன்றுமில்லை’ என்று முடிவு செய்கிறவர்கள் ஏராளம். தசைநாணும், எலும்புகளைப் பிணைக்கும் தசைநாரும் அதில் தெரியாது. குளம்பெலும்பின் மயிரிழை விரிசல்கூட 10 நாள், இரண்டு வாரம் கழித்தே தெளியலாம். அடுத்த படி நரம்பு மரப்பு ஊசி. குளம்பிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு பகுதியாக மரக்கச் செய்து, எங்கே நொண்டல் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அரை நாள் பிடிக்கும். எலும்பு முறிந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் இதைச் செய்யக் கூடாது. ஆகவே சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் செய்வதே நல்லது.

காத்திருக்கும் வாரங்களில் நோட்டுப் புத்தகம் ஒன்று போடுங்கள்: தேதி, கால், எந்தத் தரையில் மோசம், நாடி, தீனி, மருந்து. கெட்டித் தரையில் அதிகம் நொண்டினால் குளம்பையும் எலும்பையும், மணலில் அதிகம் நொண்டினால் தசைநாணையும் முதலில் சந்தேகிக்கலாம். மூன்று நாளைக்கு ஒரு வைத்தியரை மாற்றினால் இந்தப் பதிவும் பயனற்றுப்போகும். தசைநாண் காயம் என்றால் 9 முதல் 12 மாதம் ஆகும் என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தேய்த்துவிடுவது, புல்லை எடைபோடுவது, நாடி பார்ப்பது மூன்றையும் அவர்களே செய்யலாம். டாக்டர் அனுமதித்தபின் கையில் பிடித்து ஐந்து நிமிட நடை. வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். நாடி மறுபடி தட்ட ஆரம்பித்தால் முந்தைய வார அளவுக்கே திரும்பி, டாக்டருக்குச் சொல்லுங்கள்.