தாத்தா எந்தப் பட்டாளத்தில் இருந்தார்? இரண்டாம் உலகப்போர் ஆவணங்களில் தேடும் வழி

"பஸ்ராவுக்குப் போனார்", "பர்மாவில் இருந்தார்" என்பதோடு பல வீடுகளில் பேச்சு நின்றுவிடும். எந்த ரெஜிமென்ட், எந்த வருஷம் சேர்ந்தார், எப்போது திரும்பினார் என்று கேட்டால் பதில் இருக்காது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களைத் தேடுவதற்கான வழிகாட்டி இது. முதல் உலகப்போருக்கான தேடல் வேறு மாதிரி என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

உங்கள் தாத்தா ராணுவ பென்ஷன் வாங்கினாரா, இல்லையா? தொடங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதை ஒட்டியே அமையும். போருக்காகச் சேர்ந்த பெரும்பாலானோர் போர் முடிந்ததும் 1945 முதல் 1947-க்குள் விடுவிக்கப்பட்டார்கள். பென்ஷனுக்கு 15 ஆண்டுச் சேவை வேண்டும் என்பதால் அவர்களுக்கு அது கிடைக்கவில்லை. பென்ஷன் இல்லாதவரின் பணிக்கோப்பை, அதாவது ஷீட் ரோலை, 25 ஆண்டு வைத்திருந்து பிறகு அழிக்கலாம் என்று ராணுவ ஒழுங்குவிதியின் 595-ஆம் பத்தி சொல்கிறது. 1946-ல் வெளியே வந்தவரின் கோப்பு 1970-களின் தொடக்கத்திலேயே போயிருக்கும். "சர்வீஸ் ரெக்கார்டு கொடுங்கள்" என்று கேட்டு எழுதுபவர்களுக்கு "அழிக்கப்பட்டுவிட்டது" என்று ஒரு வரிப் பதில் வருவதற்கும், அதோடு அவர்கள் தேடலைக் கைவிடுவதற்கும் காரணம் இதுதான்.

ஆனால் ஷீட் ரோல் போனாலும் லாங் ரோல் இருக்கிறது. ராணுவத்தின் ஒவ்வொரு ரெக்கார்ட் ஆபீஸும், அதாவது ஆவண அலுவலகமும், நிரந்தரமாக வைத்திருக்கும் பதிவேடு அது. ஒருவருக்கு ஒரு வரிதான்: நம்பர், பதவி, பெயர், தந்தை பெயர், ஊர், சேர்ந்த நாள், வெளியேறிய நாள், காரணம். தேடுபவருக்கு அந்த ஒரு வரியே பெரிய விஷயம். "லாங் ரோல்" என்று பெயர் சொல்லியே அதைக் கேட்க வேண்டும்.

முதலில் தகரப் பெட்டி

வீட்டில் தேட வேண்டியது பட்டாள நம்பர். பெயர் ஆவணத்துக்கு ஆவணம் மாறும், நம்பர் மாறாது. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பே புக், மணியார்டர் ரசீது, பழைய கடித உறை, யூனிபார்மோடு எடுத்த படத்தின் பின்பக்கம், இரும்பு டிரங்கின் மூடியில் பெயின்டில் எழுதியது என எல்லாவற்றையும் பாருங்கள். டிரங்குப் பெட்டியைத் துடைத்துப் புதுப் பெயின்ட் அடித்தவர்கள் பலர். மூடியின் உட்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

போர்க்கால உறையில் ஊர்ப் பெயர் இருக்காது. தணிக்கை காரணமாக எஃப்.பி.ஓ. என்ற ஃபீல்ட் போஸ்ட் ஆபீஸ் எண் மட்டுமே இருக்கும். எந்த எண் எந்த மாதம் எங்கே இருந்தது என்று தபால் வரலாற்று ஆர்வலர்கள் பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதனால் முத்திரையில் தேதி தெரிகிற உறையைத் தூக்கிப் போடாதீர்கள்.

காகிதங்களில் வரும் சுருக்கெழுத்துகளில் அடிக்கடி எதிர்ப்படுபவை இவை. கியூ.வி.ஓ. என்றோ எஸ் அண்ட் எம் என்றோ இருந்தால் பெரும்பாலும் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது ராணுவப் பொறியியல் படை. ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்பது சப்ளை, லாரிப் போக்குவரத்துப் பிரிவு. ஜி.பி.டி. கம்பெனி என்றால் லாரிக் கம்பெனி. ஐ.ஏ.ஓ.சி. தளவாடம், ஐ.இ.எம்.இ. பழுதுபார்க்கும் பிரிவு. பைஃபோர்ஸ் என்றால் ஈரான், ஈராக்; "பஸ்ரா போனார்" என்ற வீட்டுப் பேச்சு பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும். எம்.இ.எஃப். மத்திய கிழக்கு, சி.எம்.எஃப். இத்தாலி. "4/3 மெட்ராஸ்" என்றால் மூன்றாம் மெட்ராஸ் ரெஜிமென்டின் நான்காவது பட்டாலியன். இதைத் தேதி என்று நினைத்துக் குழம்பியவர்கள் உண்டு.

பதக்கங்கள் பேசும்

காகிதம் எதுவும் இல்லாவிட்டாலும் பதக்கம் இருக்கலாம். முதலில் விளிம்பைப் பாருங்கள், சிலவற்றில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். எதுவும் இல்லாவிட்டாலும், என்ன பதக்கம் என்பதே அவர் போன இடத்தைச் சொல்லிவிடும். ஆஃப்ரிக்கா ஸ்டார் 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரையிலான வட ஆப்பிரிக்கப் போருக்கானது. இத்தாலி ஸ்டார் 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரை. பர்மா ஸ்டாரின் காலம் 1941 டிசம்பர் 11-ல் தொடங்குகிறது, மலேயா, சிங்கப்பூர் பகுதிக்கான பசிபிக் ஸ்டாரின் காலம் டிசம்பர் 8-ல். இந்த இரண்டும் ஒருவருக்கே கிடைக்காது. இரண்டுக்கும் தகுதி உள்ளவர் ஒன்றைப் பெற்று, மற்றதன் பெயர் எழுதிய பட்டையை ரிப்பனில் அணிவார். அதனால் பசிபிக் ஸ்டார் ரிப்பனில் "பர்மா" பட்டை இருந்தால் அவர் இரண்டு களத்தையும் பார்த்தவர்.

இந்தியா சர்வீஸ் மெடல் மட்டும் இருந்து ஸ்டார் எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் அவர் இந்தியாவுக்குள்ளேயே இருந்தவர். இதைக் கேட்டதும் வீட்டில் சிலருக்கு முகம் வாடும், பர்மா கதை அவ்வளவு காலம் ஓடியிருக்கும். ஸ்டார் ஒன்று தொலைந்திருக்கலாம், விற்கப்பட்டிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

1947 ஆகஸ்ட் 15 தேதியிட்ட இந்திய சுதந்திரப் பதக்கம் இருந்தால் அது நல்ல சேதி. அன்றைக்கு அவர் பணியில் இருந்தார் என்று பொருள். தொடர்ந்து பணியாற்றி பென்ஷன் பெற்றிருக்கவும், முழுக் கோப்பே கிடைக்கவும் வாய்ப்பு உண்டு.

எந்த ரெக்கார்ட் ஆபீஸ்

ராணுவத்துக்கு மொத்தமாக ஒரே ஆவண அலுவலகம் கிடையாது. ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும், கோர் எனப்படும் ஒவ்வொரு சேவைப் பிரிவுக்கும் தனித்தனி. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் இன்று மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், அதற்குப் பெங்களூரு. உடலுழைப்பு வேலைகளுக்கான பயோனியர் கோருக்கும் பெங்களூருதான். பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், தளவாடம், இ.எம்.இ. இரண்டுக்கும் செகந்திராபாத், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. தமிழ்நாட்டிலிருந்து போனவர் என்றதுமே வெலிங்டனுக்கு எழுதுவது வழக்கமான தவறு. மெட்ராஸ் ரெஜிமென்ட் 1920-களில் கலைக்கப்பட்டு போர்க்காலத்தில்தான் மறுபடி எழுப்பப்பட்டது. தமிழர்கள் பெருமளவில் சேர்ந்தது சாப்பர்ஸ், போக்குவரத்து, பயோனியர் போன்ற பிரிவுகளில். எந்தப் பிரிவு என்று தெரியாவிட்டால் பெங்களூருவில் தொடங்குவதே மேல்.

ஆர்டிஐ மனுவில் எழுத வேண்டியது

சாதாரணக் கடிதத்துக்குப் பதில் வரும் என்ற நிச்சயமில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். கட்டணம் 10 ரூபாய். மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் கட்டலாம், போஸ்டல் ஆர்டராகவும் அனுப்பலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். தவறான அலுவலகத்துக்குப் போனால், உரிய இடத்துக்கு 5 நாளில் மாற்றி அனுப்ப வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது. மனுவிலேயே அதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

மனுவில் நம்பர், பெயர், தந்தை பெயர், கிராமம், தாலுகா, மாவட்டம், சேர்ந்த தோராய வருடம் ஆகியவை வேண்டும். மாவட்டத்தை அன்றைய பெயரில் எழுதுங்கள். திருவண்ணாமலை அன்று வட ஆற்காடு, விழுப்புரம் தென் ஆற்காடு, சிவகங்கை ராம்நாட். பதிவேட்டில் இன்றைய பெயர் எங்கும் இருக்காது. பெயரை அப்போது எழுதியிருக்கக்கூடிய எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் தாருங்கள். வயதை வைத்துத் தேடச் சொல்லாதீர்கள். சேரும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ சொன்னவர்கள் ஏராளம்.

கேட்க வேண்டியவை: லாங் ரோல் பதிவின் சான்றளித்த நகல், ஷீட் ரோல் இருந்தால் முழு நகல், அழிக்கப்பட்டிருந்தால் எந்தத் தேதியில், எந்த விதிப்படி என்ற விவரம், வழங்கப்பட்ட பதக்கங்கள், பணியாற்றிய யூனிட்களின் பெயர். கேள்விகளை எண்ணிட்டுத் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே பத்தியாக எழுதினால் ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

இறப்புச் சான்றும் வாரிசு உறவுக்கான ஆதாரமும் இணையுங்கள். "தனிநபர் தகவல்" என்று மறுத்தால், 20 ஆண்டுக்கு முந்தைய விஷயத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சொல்லும் 8(3) பிரிவைக் காட்டி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். இந்தச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. மலேசியக் குடிமக்களாகவோ இலங்கைக் குடிமக்களாகவோ இருப்பவர்கள் இங்குள்ள உறவினர் ஒருவரின் பெயரில் மனுப் போட வேண்டும்.

பென்ஷன் வாங்கியவர் என்றால் பி.பி.ஓ. எண்ணை, அதாவது பென்ஷன் வழங்கும் ஆணையின் எண்ணை, தேடுங்கள். எண் எஸ் என்று தொடங்கினால் சேவை பென்ஷன், எஃப் என்றால் குடும்ப பென்ஷன், டி என்றால் ஊனமுற்றோருக்கானது. பிரயாக்ராஜில் உள்ள ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் அந்த எண்ணை வைத்துத்தான் பேசும்.

பென்ஷன் இல்லாதவர்களின் குடும்பங்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை கொடுத்தது. பாட்டி அதை வாங்கியிருந்தால், விண்ணப்பத்தோடு வைத்த டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் நகல் அந்தக் கோப்பில் இருக்கக்கூடும். வீட்டில் தொலைந்த காகிதத்தை இங்கே தேடிப் பார்க்கலாம்.

திரும்பி வராதவர்கள்

1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்களை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். போரில் இறந்தவர்கள் மட்டுமல்ல, மலேரியாவில் இறந்தவரும் லாரி விபத்தில் இறந்தவரும் அதில் உண்டு. ஒற்றைப் பெயர் கொண்ட நம்மவர்களின் பெயரைக் குடும்பப் பெயருக்கான பெட்டியில் போடுங்கள், முதல் பெயர் பெட்டி காலியாக இருக்கட்டும். எந்தப் போர், எந்த நாட்டின் படை என்ற இரண்டையும் தேர்ந்தெடுங்கள். "சாமி" என்று முடியும் பெயரை ஸ்வாமி என்றும் மாற்றிப் பாருங்கள், கடைசி எழுத்தில் ஐ, ஒய் இரண்டையும் போட்டுப் பாருங்கள். ழகரம் எல்லாம் எல் ஆகிவிடும். 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியில் தன் உடலால் கண்ணிவெடியை மறைத்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டு, ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீர விருது பெற்ற மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியனின் பெயரே இடத்துக்கு இடம் வேறு எழுத்தில் இருக்கிறது. அவ்வளவு புகழ்பெற்றவருக்கே அப்படியென்றால், சாதாரண சிப்பாயின் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பெயர் எந்த வகையிலும் சிக்காவிட்டால் கூடுதல் விவரப் பெட்டியில் கிராமத்தின் பெயரைப் போடுங்கள்.

கிடைத்த முடிவைப் படிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இந்து வீரர்கள் தகனம் செய்யப்பட்டதால் பலருக்குக் கல்லறை இல்லை, நினைவுச் சுவரில் பெயர் மட்டுமே. பர்மாவில் இறந்து கல்லறை இல்லாதவர்கள் தவுக்யானில் உள்ள ரங்கூன் நினைவகத்திலும், மலேயா, சிங்கப்பூர் பகுதியில் இறந்தவர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியிலும் இடம்பெற்றிருக்கிறார்கள். "டெல்லி/கராச்சி 1939-1945 போர் நினைவகம்" என்று வந்தால் அவர் கராச்சியில் இறந்தார் என்று எழுதிவிடாதீர்கள். போர்க்களமல்லாத பகுதிகளில், இந்தியாவுக்குள் எங்கோ ஒரு ராணுவ மருத்துவமனையில் இறந்தவர்களை நினைவுகூர்வது அது.

யூனிட் தெரிந்த பிறகு

அவர் எந்தத் தேதியில் எங்கே இருந்தார் என்பதை யூனிட்டின் போர் நாட்குறிப்பு சொல்லும். லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ்) 172 வரிசை பர்மா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியா, 169 மத்திய கிழக்கு, 170 இத்தாலி. கம்பெனி எண் தெரியாமல் இதில் இறங்குவது வீண். நேரில் போனால் வாசகர் அட்டை இலவசம், சொந்தக் கேமராவில் படமெடுக்கவும் காசு கிடையாது. அங்கிருந்தே நகல் வரவழைத்தால் செலவு அதிகம், எனவே லண்டனில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். நாட்குறிப்பில் அதிகாரிகளின் பெயர்தான் வரும், சிப்பாய் "ஐ.ஓ.ஆர். 2 காயம்" என்ற எண்ணிக்கைக்குள் இருப்பார். ஐ.ஓ.ஆர். இங்கே அதிகாரியல்லாத இந்திய வீரர்களைக் குறிக்கிறது. பிரிட்டிஷ் லைப்ரரியின் ஐ.ஓ.ஆர். வேறு, அது இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். வீர விருதுக்கான பரிந்துரை இருந்தால் மட்டும் டபிள்யூ.ஓ. 373-ல் பெயர் சொல்லித் தேடலாம். சிப்பாய்களின் பணிக்கோப்புகள் பிரிட்டனில் இல்லை. சந்தா கட்டச் சொல்லும் வம்சாவளித் தளங்களில் அவற்றைத் தேடிப் பணத்தை விட வேண்டாம்.

சிங்கப்பூரில் 1942 பிப்ரவரியில் சிறைபிடிக்கப்பட்டு நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர் என்றால், பழைய ரெஜிமென்டின் லாங் ரோலில் வெளியேறிய காரணம் "நீக்கம்" என்று இருக்கக்கூடும். 1945-க்குப் பிறகு பிரிட்டிஷார் அவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்து, கறுப்பு வகையினரை நீக்கினார்கள். அதை ஒழுங்கீனம் என்று தவறாகப் படிக்க வேண்டாம். இவர்களுக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகளையும், குடும்பம் தியாகி பென்ஷனுக்கு விண்ணப்பித்திருந்தால் அந்தக் கோப்பையும் பாருங்கள். மலேயாத் தோட்டத்திலிருந்து நேராக ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தமிழர்களுக்கு இந்திய ராணுவத்தில் நம்பரே இருந்ததில்லை. வெலிங்டனுக்கோ பெங்களூருவுக்கோ மனுப் போட்டுப் பயனில்லை.